மாக் இன்டர்வியூ சேவைகள்: காசுக்கு எது தகும், எது தகாது

வேலை தேடுபவர்களைச் சுற்றி ஒரு தனிச் சந்தையே நடக்கிறது. வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்) எடுக்கும் கோச், கேமரா முன்னால் பேசினால் மதிப்பெண் போடும் பயிற்சி மென்பொருள், கேள்வியும் பதிலுமாகப் பிடிஎஃபில் விற்கப்படும் ரெடிமேட் பதில் தொகுப்பு. மூன்றும் தருவதாகச் சொல்வது ஒன்றைத்தான்: இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் நீங்கள் என்று பேனலுக்கு, அதாவது இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு, புரியும்படி பேச வைப்பது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கோச் சரியாக அமைந்தால் கொடுத்த காசு வீண் போகாது. மென்பொருள் ஒரு சின்ன வேலைக்கு உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பதில் தொகுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

கோச்சின் தரம் அமர்வு தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். பணம் கட்டிய கையோடு அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ரெஸ்யூமே மட்டும் கேட்டால் பொதுவான அமர்வுதான் கிடைக்கும். விண்ணப்பித்த வேலையின் ஜேடியை, அதாவது வேலை விவரத்தை, முழுசாக அனுப்பச் சொல்லி, குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் கேட்பவர்தான் வேலை தெரிந்தவர். ஏனென்றால் ஒருவர் தன்னை எப்படி முன்வைக்க வேண்டும் என்பது அவருடைய குணத்தைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. எதிரே இருப்பவர் எதற்கு மதிப்பெண் போடப்போகிறார் என்பதும் தெரிய வேண்டும். அதற்கான குறிப்பு பெரும்பாலும் ஜேடியிலேயே இருக்கும்.

நல்ல கோச் ஜேடியைப் படிக்கும் விதமே வேறு. "உற்சாகமான, குழு மனப்பான்மை உள்ள" மாதிரியான அலங்காரத்தை அடித்துவிட்டு வினைச்சொற்களைக் குறிப்பார். "அறிக்கை தயாரித்தல்", "விற்பனையாளர்களுடன் பேரம் பேசுதல்", "புதியவர்களுக்குப் பயிற்சி தருதல்" என்று எது திரும்பத் திரும்ப வருகிறது, எது முதல் மூன்று வரிக்குள் வருகிறது, எது "இருந்தால் நல்லது" என்று கடைசியில் தொங்குகிறது என்று பிரிப்பார். இப்படி வடிகட்டினால் நீளமான ஜேடி கூட ஐந்தாறு திறன்களில் வந்து நிற்கும். ஒவ்வொரு திறனுக்கும் எதிரே உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்வை எழுதச் சொல்வார். எங்கே கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் பேனலும் துருவப்போகிறது. அமர்வின் பெரும்பகுதியை அந்தக் காலிக் கட்டத்தில் செலவிடுபவரை விட்டுவிடாதீர்கள்.

சில நிறுவனங்கள் தேடும் திறன்களை வெளிப்படையாகவே போட்டு வைத்திருக்கின்றன. அமேசானுக்கு 16 தலைமைக் கோட்பாடுகள். 2021-ல்தான் 14 என்பது 16 ஆனது. இன்னும் 14-ஐயே வைத்துப் பாடம் நடத்தும் கோச் தன் பாடத்தைப் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். பிரிட்டன் அரசுப் பணியில், வேலைக்குத் தேவை என்று பட்டியலிட்ட நடத்தைகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 4 என்றால் ‘ஏற்கத்தக்கது’. இப்படிப் பட்டியல் வெளியாகியிருக்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அதைத் திறந்தே பார்க்காமல் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கிற அமர்வுக்குப் பணம் கொடுப்பது தண்டம்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். பொருத்தமாக முன்வைப்பது என்றால் வேலைக்கு வேலை வேறு ஆளாக வேஷம் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பல கோச்சுகளும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். உண்மையில் மாற வேண்டியது இரண்டுதான்: எந்த நிகழ்வை எடுப்பது, அதன் எந்தப் பகுதியை நீட்டிச் சொல்வது. நிகழ்வும் அதில் உங்கள் பங்கும் மாறவே கூடாது. ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கும் ஒருவர். மென்பொருள் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் பிடித்ததாக இரண்டு நாளில் 140 புகார்கள் குவிகின்றன. அவரும் இரண்டு சக ஊழியர்களும் சமாளிக்கிறார்கள்.

இவர் தரவு ஆய்வு வேலைக்குப் போகிறார் என்றால், நீட்ட வேண்டிய இடம் இது: "புகார்களை எல்லாம் ஒரு ஷீட்டில் போட்டு நேரத்தின்படி வரிசைப்படுத்தினேன். இரண்டாவது கட்டணம் எல்லாமே முதல் கட்டணத்திலிருந்து நான்கு விநாடிக்குள் விழுந்திருந்தது. பக்கம் லோடாகத் தாமதமாவதால் பட்டனை மறுபடி அழுத்துகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, டெஸ்ட் கணக்கில் அதையே செய்து பார்த்தேன். அதேபோல இரண்டு முறை பிடித்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு டெவலப்பர் குழுவுக்கு அனுப்பினேன்." கோபமான வாடிக்கையாளர்களை எப்படிச் சமாதானப்படுத்தினார் என்பது இங்கே ஒரே வரி போதும்.

அதே ஆள் டீம் லீட் வேலைக்குப் போகிறார். இப்போது ஷீட் கதை ஒரு வரி. நீள வேண்டியது வேறு: "மூன்று பேர்தான் இருந்தோம். பணம் திரும்பக் கேட்டவர்களை ஒருவர், மற்றவர்களை ஒருவர் என்று பிரித்தேன். அன்றைக்கு வரவேண்டிய வார அறிக்கையைத் தள்ளிப்போட மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பதால் நான்கு வரியில் ஒரு பதிலை எழுதிக் கொடுத்தேன். ‘எப்போது பணம் வரும்’ என்பதற்கு உறுதி தரக் கூடாது என்றும் சொன்னேன்." யாருக்கு எந்த வேலை, எது நின்றது, ஏன் என்பதில்தான் தலைமை தெரிகிறது. "நான் ஒரு நல்ல லீடர்" என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் தாளில் இடமே கிடையாது.

இந்த வெட்டு ஒட்டு வேலையை உட்கார்ந்து செய்து காட்டும் கோச்தான் உருப்படியான கோச். ஒரே நிகழ்வை மூன்று வேலைக்கு மூன்று விதமாகச் சொல்லப் பழக்கினால், ஏழெட்டு நிகழ்வுகளை வைத்துக்கொண்டு பெரும்பாலான இன்டர்வியூக்களைத் தாண்டலாம். இருபது முப்பது நிகழ்வுகளை மனப்பாடம் செய்யச் சொல்பவர் உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கிறார்.

பதிலின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். சூழல், பணி, செயல், விளைவு என்ற ‘ஸ்டார்’ வரிசையை எல்லாருமே சொல்லித் தருகிறார்கள். ஆனால் எதற்கு எவ்வளவு நேரம் என்பதைச் சிலர்தான் சொல்கிறார்கள். முதல் பதில் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதில் சூழலும் பணியும் சேர்ந்து முப்பது விநாடி, விளைவுக்கு இருபது விநாடி, மீதி எல்லாம் செயல். பெரும்பாலான பதில்கள் கெடுவது சூழலில்தான்: நிறுவனத்தின் வரலாறு, குழுவின் அமைப்பு, அந்த மென்பொருளின் பெயர் என்று ஒரு நிமிடம் ஓடிவிடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சூழலில் முப்பத்தைந்தாவது விநாடி தாண்டினால் குறித்துக்கொள்ளும் கோச் வேண்டும். நடுவில் குறுக்கே வெட்டிப் பேசித் திருத்துபவர் வேண்டாம். பேனல் அப்படி வெட்டாது. வெட்டினால் ஓட்டம் உடைந்துபோய், முழு நீளத்தில் பதில் எங்கே தொய்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

அடுத்த அளவுகோல் துணைக்கேள்வி. இதில்தான் பல சேவைகள் சறுக்குகின்றன. பட்டியலிலிருந்து பத்துக் கேள்வியை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் "குட்" போட்டு அடுத்ததுக்குத் தாவுவது மாக் இன்டர்வியூ அல்ல. உண்மையான பேனல் ஒரு பதிலுக்குள் மூன்று நான்கு முறை இறங்கும்: "இதில் நீங்கள் மட்டும் செய்தது எது?" "140 என்றீர்களே, சாதாரண நாளில் எத்தனை வரும்?" "வேறு என்ன வழி யோசித்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்?" "உங்கள் முடிவை எதிர்த்தவர் யார்?" தன் பங்கை ஊதிச் சொன்னவர் இரண்டாவது கேள்வியில் தடுமாறி, மூன்றாவதில் "நாங்கள்" என்பதற்குள் ஒளிந்துகொள்வார். நிகழ்வின் ஒரு பகுதியை மட்டும் உண்மையாக நீட்டியவருக்கு அந்தத் தொல்லை இல்லை; கேட்கக் கேட்க விவரம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு மணி நேரத்தில் ஐந்து கேள்வி போதும், துணைக்கேள்வி குறைந்தது பதினைந்து இருக்க வேண்டும். கேள்விக்கு முப்பத்தைந்து நிமிடம், ஃபீட்பேக்குக்கு இருபது என்று பிரித்தால் சரியாக வரும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஃபீட்பேக்கை அவசரமாக அள்ளித் தெளிப்பவர்கள் நிறைய.

எழுத்தில் வரும் ஃபீட்பேக்தான் நீங்கள் வாங்கிய சரக்கு. "தன்னம்பிக்கை நன்று. கண் பார்த்துப் பேசவும். இன்னும் கட்டமைப்போடு பதில் சொல்லவும்" என்று வந்தால் அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். உபயோகமான ஃபீட்பேக் இப்படி இருக்கும்: "மூன்றாம் கேள்வி: சூழலுக்கு 70 விநாடி எடுத்தீர்கள், செயல் 25 விநாடிதான். ‘கோஆர்டினேட் செய்தேன்’ என்றீர்கள். யாரிடம் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்ட பிறகுதான் வந்தது, அதுதான் ஜேடியின் இரண்டாம் வரி, அதை முதலிலேயே சொல்லுங்கள். விளைவில் எண் இல்லை. துல்லியமான எண் நினைவில்லை என்றால் ‘பாதிக்கு மேல் குறைந்தது’ என்று உங்களால் நிரூபிக்க முடிகிற அளவில் சொல்லுங்கள்." பணம் கட்டும் முன் பெயர் மறைத்த பழைய ஃபீட்பேக் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரைத் தாண்டிப் போய்விடலாம்.

கோச் எந்தத் துறையிலிருந்து வந்தவர் என்பதும் கவனிக்க வேண்டியது. எச்ஆர் அனுபவம் மட்டும் உள்ளவர் முதல் சுற்றுக்கு நன்றாகத் தயார் செய்வார்: ஏன் வேலை மாறுகிறீர்கள், இடைவெளி ஏன், சம்பள எதிர்பார்ப்பு. தொழில்நுட்பச் சுற்றுக்கோ, உங்கள் மேலாளராக வரப்போகிறவர் எடுக்கும் சுற்றுக்கோ அதே வேலையில் ஆள் எடுத்தவர்தான் தேவை. இரண்டையும் ஒரே ஆள் செய்வதாகச் சொன்னால், கடைசியாக எந்தப் பதவிக்கு ஆள் எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி மென்பொருள் வகைக்கு வருவோம். இவை செய்வது மூன்று: பதிலை எழுத்தாக்கிக் காட்டுவது, வேகத்தையும் "அதாவது", "பேசிக்கலி" மாதிரியான இட்டுநிரப்பும் சொற்களையும் எண்ணுவது, பிறகு ஒரு மொத்த மதிப்பெண். முதலாவது அருமை. பேசியதை எழுத்தில் படிக்கும்போதுதான் ஒரே வாக்கியம் எட்டு முறை "ஆனா" போட்டு நீண்டிருப்பது கண்ணில் படும். இரண்டாவது ஓரளவு உதவும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்பது காதுக்கு இதமான வேகம். 180-ஐத் தொட்டால் பேனலால் குறிப்பெடுக்க முடியாது. ஆனால் உச்சரிப்பு கொஞ்சம் மாறினாலும் எழுத்தாக்கம் தப்பும் தவறுமாக வரும். அதை நம்பிப் போடும் மதிப்பெண்ணும் தப்பாகும். மதிப்பெண் குறைந்தால் முதலில் எழுத்தாக்கத்தைச் சரிபாருங்கள், உங்கள் மேல் சந்தேகப்படுவது அப்புறம்.

முகபாவனையையும் உணர்ச்சியையும் அளப்பதாகச் சொல்லும் அம்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கலாம். வீடியோ இன்டர்வியூ துறையின் பெரிய பெயரான ஹையர்வியூ, தன் மதிப்பீட்டிலிருந்து முகப் பகுப்பாய்வைக் கைவிட்டதாக 2021-லேயே அறிவித்துவிட்டது. வேலையிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐ-க்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் "உங்கள் புன்னகை 62 சதவீதம்" என்று ஒரு செயலி சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

மென்பொருள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: எதிரே ஆளே இல்லாத ஒருவழி வீடியோ இன்டர்வியூ. கேள்வி திரையில் வரும், யோசிக்க அரை நிமிடமோ என்னவோ, பதிலுக்குக் கவுண்ட்டவுன் ஓடும். தலையாட்ட ஆளில்லாமல் பேசுவது பலருக்குத் தொண்டையை அடைக்கும். அதே நேரக்கட்டுப்பாட்டை வைத்துப் பயிற்சி செய்தால் அந்தக் கூச்சம் போகும். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றி கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவது, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு நேரே இருப்பது, உங்கள் வீடியோவை நீங்களே பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தச் சின்னக் கட்டத்தை மறைப்பது ஆகியவற்றையும் பதிவைப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம். இதற்குக் கட்டணச் சந்தாவே வேண்டாம், போன் கேமராவும் டைமரும் போதும்.

சாட்பாட்டை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் இப்போது அதிகம். ஜேடியையும் ரெஸ்யூமேயையும் கொடுத்து, "இந்தப் பேனலில் உட்கார்ந்தால் எந்த ஐந்து இடத்தில் என்னைச் சந்தேகப்படுவாய்" என்று கேட்டால் உருப்படியான கேள்விகள் வரும். "பதில் எழுதிக்கொடு" என்றால்தான் வம்பு. நீங்கள் செய்யாத வேலையைச் செய்ததாக அழகான ஒரு பத்தியை எழுதிக் கொடுத்துவிடும். வாக்கியம் உங்கள் வாயில் உட்காராது, துணைக்கேள்விக்கும் தாங்காது. பாராட்டித் தள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. "பாராட்டு வேண்டாம், ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு துணைக்கேள்வி மட்டும் கேள்" என்று கட்டிப்போட்டால் பரவாயில்லை. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், வருமானக் கணக்கு இவற்றை அதில் ஒட்டாதீர்கள். அதே விவரத்தை இன்டர்வியூவில் உளறினாலும் பேனல் உங்களை நம்பத் தகாதவராகத்தான் குறிக்கும்.

பதில் தொகுப்புகளை ஏன் இவ்வளவு கறாராக ஒதுக்க வேண்டும்? எல்லாரிடமும் ஒரே கேள்வி, முன்பே எழுதிய மதிப்பெண் அளவுகோல் என்று நடத்தும் கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூதான் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது ஆய்வுலகில் பழைய செய்தி. ஷ்மிட், ஹன்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-ல் தொகுத்த கணக்கில், இன்டர்வியூ மதிப்பெண்ணுக்கும் பிறகு காட்டும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு (1 என்றால் முழுப் பொருத்தம்) கட்டமைக்கப்பட்டதற்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்பதற்கு 0.38. சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு 2022-ல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் 0.42, 0.19 என்று இறங்கின. ஆனால் இடைவெளி கூடியது, கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூ தேர்வு முறைகளில் முதலிடத்துக்கு வந்தது. அப்படி நடத்தும் பேனலின் தாளில் 1-க்கு நேரே "பொதுவாகப் பேசுகிறார், தன் பங்கு தெளிவில்லை" என்கிற ரீதியிலும், 5-க்கு நேரே "குறிப்பிட்ட சூழல், தன் முடிவு, காரணம், அளந்த விளைவு" என்கிற ரீதியிலும் எழுதியிருக்கும். பிடிஎஃப் பதில் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அந்த 1-ஐத் தாண்டாது. "என் பலவீனம், எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு பேனலுக்குச் சலித்துப்போயிருக்கும்.

உடை, கைகுலுக்கல், உட்காரும் விதம் பற்றித் தனி அமர்வே விற்கிறார்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்: அந்த இடத்தில் அன்றாடம் உடுத்துவதைவிட ஒரு படி மேலே, புதிதாக வாங்கி அன்றைக்கே முதல் முறை போடுவதாக இல்லாமல். அவ்வளவுதான்.

எந்தத் தொகுப்பை யார் வாங்கலாம்? முதல் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு அமர்வு போதாது. கல்லூரி ப்ராஜெக்ட், பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி இவற்றிலிருந்து நிகழ்வுகளைத் தோண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போகும். இரண்டு அமர்வு, நடுவில் நான்கைந்து நாள் இடைவெளி. துறை மாறுபவருக்கும் அப்படியே, அவருக்குப் பழைய துறையின் சொற்களைப் புதிய துறையின் சொற்களாக்கும் வேலை கூடுதல். அதே துறையில் பதவி உயர்வுக்குப் போகிறவருக்கு ஒன்று போதும். நாளை மறுநாள் இன்டர்வியூ என்றால் அமர்வைப் பதிவு செய்யாதீர்கள். முந்தின நாள் திருத்தம் மனசில் தங்காது, எதை மாற்றச் சொன்னார்களோ அதுதான் தடுக்கி விழ வைக்கும். அந்த நேரத்தில் நிகழ்வு ஒவ்வொன்றையும் ஐந்து சொல்லில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, போனில் ஒரு முறை பேசிப் பதிந்து கேட்பது மேல்.

ஐந்து, பத்து அமர்வு என்று மொத்தமாக விற்கும் தொகுப்புகளில் சலுகை தெரியும், பலன் தெரியாது. மூன்றாவது அமர்வுக்குப் பிறகு பதில் மெருகேறுவது நின்று மனப்பாட வாடை அடிக்க ஆரம்பிக்கும். வேலை கிடைக்கும் என்று உத்தரவாதம் தருபவர்களின் நிபந்தனைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். பணம் திரும்பக் கிடைக்க இத்தனை இடத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று முட்டுக்கட்டை இருக்கும். அமர்வின் பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மேலாளரைப் பற்றி நீங்கள் மனம்விட்டுப் பேசியது அந்தப் பதிவில்தான் இருக்கிறது.